நாலு மாதம் முந்திக்கொண்ட எமன்!

‘பையன் காலேஜுக்குக் கிளம்பும்போதே வீட்டை அவன் பெயருக்கு எழுதி வைத்துவிட்டால் என்ன?’ – இங்கிலாந்தில் கொஞ்சம் வசதியான பெற்றோருக்கு இன்றும் இந்த யோசனை வருவதுண்டு. பாசம் ஒரு காரணம். இன்னொரு காரணம், வரி! அங்கே சொத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தவர் அதன்பிறகு ஏழு வருஷம் உயிரோடு இருந்துவிட்டால், அதற்கு வாரிசு வரி கிடையாது. சீக்கிரம் கொடுத்தால் சீக்கிரம் கண்டம் தாண்டலாம்.

இந்த ‘கண்டத்தில்’ மாட்டிக்கொண்டு அரண்மனையையே இழக்கப் பார்த்த ஒரு குடும்பத்தின் கதை இது.

டெர்பிஷையரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகை, டெவன்ஷையர் பிரபுக்களின் பரம்பரை வீடு. ‘வீடு’ என்றால் சும்மா இல்லை, கிட்டத்தட்ட 300 அறைகள்! பத்தாவது டியூக்கான எட்வர்ட் கேவண்டிஷுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் வில்லியம், 1944 மே மாதம் கேத்லீனைக் கல்யாணம் செய்துகொண்டார். கேத்லீன் யார் தெரியுமா? பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான ஜான் கென்னடியின் தங்கை! நாலே மாதத்தில், பெல்ஜியம் போர்முனையில் மாப்பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்த வாரிசு இளையவர் ஆண்ட்ரூ. கேம்பிரிட்ஜில் படித்து, ராணுவத்துக்குப் போய், வீரப் பதக்கத்தோடு உயிர் தப்பி வந்தவர். மூத்தவனைப் பறிகொடுத்த அப்பா, 1946-ல் குடும்பச் சொத்தை ஆண்ட்ரூவுக்குச் சேரும்படி செட்டில்மெண்ட் எழுதினார்.

ஏன் அந்த அவசரம்? 1894-ல் வில்லியம் ஹார்கோர்ட் என்ற நிதியமைச்சர் இறப்பு வரியைக் கொண்டு வந்தபோது, மிகப் பெரிய சொத்துக்கே 8 சதவிகிதம்தான். அதற்கே பிரபுக்கள் ஐயோ அம்மா என்று அலறினார்கள். இரண்டு உலகப் போர்கள் முடிந்து 1949 வந்தபோது அது 80 சதவிகிதமாகிவிட்டது! ஒரு சைபர்தான் கூடியது... எத்தனை மாளிகைகள் கை மாறின!

சாகும் தறுவாயில் பிள்ளைக்கு எழுதிவைத்துத் தப்பிக்கிறவர்களை அரசாங்கமும் சும்மா விடவில்லை. கொடுத்தபின் ஒரு வருஷம் உயிரோடு இருந்தால் போதும் என்பதை 1910-ல் மூன்று வருஷமாக்கியது. 1946-ல், அதாவது எட்வர்ட் எழுதிக் கொடுத்த அதே ஆண்டில், ஐந்தாக நீட்டியது.

எட்வர்டுக்கு வயது ஐம்பதைத்தான் தாண்டியிருந்தது. ஐந்து வருஷம் என்ன பெரிய விஷயம்?

1950 நவம்பர் 26. ஈஸ்ட்போர்னில் இருந்த வீட்டில் மாரடைப்பு. 55 வயதில் போய்விட்டார். மகன் அப்போது ஆஸ்திரேலியாவில். கெடு முடிய நாலு மாதம்கூட இல்லை! பழைய மூன்று வருஷச் சட்டமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள். நாலரை வருஷம் தாண்டினாரே என்று சலுகை காட்ட அப்போது சட்டத்தில் இடமில்லை. 80 சதவிகிதமும் விழுந்தது.

இதில் ஒரு மர்மமும் உண்டு. சிகிச்சை அளித்தவர் டாக்டர் ஜான் போட்கின் ஆடம்ஸ். 1957-ல் வேறொரு பணக்கார நோயாளியைக் கொன்றதாக இவர்மீது வழக்கு நடந்து, நாடே பரபரத்தது. விடுதலையாகிவிட்டார். டியூக்கின் சாவிலும் சிலர் சந்தேகம் கிளப்பினார்கள். ஆதாரம் எதுவும் இல்லை.

பாவம் ஆண்ட்ரூ! வரித்துறையோடு பேச்சுவார்த்தை முடியவே 17 வருஷம் ஆயிற்று. வட்டி வேறு ஏறிக்கொண்டே போனது. பல்லாயிரம் ஏக்கர் நிலம் கைவிட்டுப் போனது. ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றி சித்திரம், மெம்லிங்கின் ஓவியம் எல்லாம் லண்டன் காட்சிக்கூடங்களுக்குப் போயின. நானூறு வருஷமாகக் குடும்பத்திடம் இருந்த ஹார்ட்விக் மாளிகையையே வரிக்குப் பதிலாகக் கொடுத்தார்கள். 1959-ல் அது நேஷனல் டிரஸ்ட் வசமானது. அங்கே கிழிந்த பழைய திரைச்சீலைகளைத் தன் கையாலேயே தைத்துக்கொண்டு வாழ்ந்தவர், ஆண்ட்ரூவின் பாட்டி ஈவ்லின். மகன் சாவையும் பார்த்து, வீடு போனதையும் பார்த்தார் அந்த அம்மாள்.

சாட்ஸ்வொர்த் மட்டும் தப்பியது. ஆண்ட்ரூவும் மனைவி டெபோராவும் 1959-ல் அங்கே குடியேறி, ஜனங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, டிக்கெட் காசிலும் கடை வருமானத்திலும் அதை நிமிர்த்தினார்கள்.

அந்தக் கெடு 1968-ல் ஏழு வருஷமாகி, இன்றும் நீடிக்கிறது. கூடவே, வீட்டைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அதிலேயே வாடகை தராமல் குடியிருந்தால், அது கொடுத்த கணக்கிலேயே சேராது! இந்தியாவும் 1953-ல் இதே பாணியில் எஸ்டேட் டியூட்டி போட்டது. உச்சத்தில் 85 சதவிகிதம் வரை போய், 1985-ல் ஒழிந்தது.

இங்கே அந்தக் கணக்கு இப்போது இல்லை. இங்கிலாந்து அப்பாக்களோ, பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து காலண்டரைப் பார்த்தபடி இருக்கிறார்கள். பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துவிடலாம்... அதன்பின் கொஞ்ச நாள் உயிரோடு இருந்தும் காட்ட வேண்டுமே!