முழு ஊரடங்கு என்றாலே மளிகைக் கடைக்கு ஓடுவது ஏன்? கொரோனா காலம் சொல்லும் பாடம்

கடையில் அரிசி இருக்கும், பருப்பும் இருக்கும். ஆனாலும் 'நாளைக்கு கடை இல்லை' என்ற ஒரு வார்த்தை போதும், வாசலில் வரிசை நின்றுவிடும். கொரோனா காலத்தில் தமிழ்நாடு இதை நேரில் பார்த்தது.

2020 ஏப்ரலில் என்ன நடந்தது?

சென்னை, மதுரை, கோவையில் ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று 24-ம் தேதி அறிவிப்பு வந்தது. மளிகைக் கடைகளுக்கும் பூட்டு. இடையில் இருந்தது ஒரே நாள். 25-ம் தேதி கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. கடை நேரம் பிற்பகல் 3 மணி வரை நீட்டிக்கப்பட்டது. கூட்டத்தைத் தவிர்க்கத்தான் ஊரடங்கு. அதன் அறிவிப்பே கூட்டத்தைக் கூட்டியது.

இது வெறும் பீதியா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மூட்டை வாங்கினால், நாமும் கூடுதலாக வாங்குவோம். எல்லோரும் இப்படி நினைத்தால், சரக்கு இருந்தும் அலமாரி காலியாகும்.

யாருக்குப் பாதிப்பு?

தினக்கூலிக்காரர்களுக்கு. அன்றைய கூலியில் அன்றைக்கு வாங்குபவரால் ஒரு மாதத்துக்கு அள்ள முடியாது. கையில் காசு வரும்போது கடையில் பொருள் இருக்காது.

2021-ல் என்ன மாறியது?

மே 24 ஊரடங்குக்கு முன் 22, 23 தேதிகளில் இரவு 9 மணி வரை கடைகள் திறந்திருந்தன. அப்போதும் கூட்டம்தான். பிறகு காய்கறி வண்டிகள் தெருவுக்கே வந்தன. மே 31 முதல் போனில் சொன்னால் மளிகையை வீட்டுக்கே கொண்டுவந்து தரவும் கடைகளுக்கு அனுமதி கிடைத்தது.

'பதற வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் பதற்றம் தீராது. பொருள் எப்போது, எப்படி வீட்டுக்கு வரும் என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.