சுமைதாங்கிக் கல்லும் சார்ஜிங் ஸ்டேஷனும்

போன ஞாயித்துக்கிழமை போடியிலேருந்து மாமா போன் பண்ணினார். எலெக்ட்ரிக் கார் வாங்கிட்டாராம்.

"ஏன் மாப்ள, நீ நியூ ஜெர்சில இந்தக் காருதான ஓட்டுற? மூணாறுக்கு ஏறிருமா? அக்காவப் பாத்துட்டு வரணும்."

அவரோட அக்கா எனக்குப் பெரியம்மா. மூணாறு எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்து ஐம்பது வருஷமாகப் போகுது. ஏறிரும் மாமான்னு உடனே சொல்ல வாய் வரலை. ஏறும். ஆனா மேலே போய் எங்கே சார்ஜ் போடுறது? அதைத் தேடப் போய் நூறு வருஷம் பின்னாடி போயிட்டேன்.

1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடுகளைக் கட்டி வண்டி இழுத்தாங்க. 1908-ல் அது குறுகிய ரயில் பாதையாச்சு. தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வரும். 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடிச்சுக்கிட்டுப் போச்சு. திரும்பப் போடவே இல்லை.

தேயிலை ரோப்வேயில் போச்சு, மனுஷன் நடந்தான். எங்க பூட்டன் தலைச்சுமையா அரிசி கொண்டுபோனவர்னு அம்மா சொல்லும். அந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் நம்ம ஊர்ப் பாதைகளில் சுமைதாங்கி இருந்தது. ரெண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பாங்க. அடுத்தவர் கை இல்லாமலே சுமையை இறக்கலாம், ஏத்திக்கலாம். வயித்துப் பிள்ளையோடு இறந்துபோன பொண்ணு நினைவா நடுறது வழக்கம். கேரளாவில் இதுக்கு அத்தாணின்னு பேர். அந்தப் பேரிலேயே அங்கே ஊர்களும் இருக்கு.

இப்போ நம்ம காலத்துச் சுமைதாங்கிக்கு வருவோம். 2018 டிசம்பரில் மத்திய மின்துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 3 கி.மீ.க்கு 3 கி.மீ. கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு சார்ஜிங் ஸ்டேஷன், நெடுஞ்சாலையில் 25 கி.மீ.க்கு ஒண்ணு, சாலையின் ரெண்டு பக்கமும். முதலில் பெருநகரங்கள், அப்புறம் மாநிலத் தலைநகரங்கள். மாநிலத்துக்கு ஒரு பொறுப்பு அமைப்பு வேணும்னும் சொன்னாங்க. கேரளாவில் அது மின்வாரியம்.

2020 நவம்பரில் வாரியம் திறந்த முதல் ஆறு ஸ்டேஷன்களும் திருவனந்தபுரம், கொல்லம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு, கண்ணூர்னு மாநகராட்சி இருக்கிற ஊர்களில்தான். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் மாநகராட்சி கிடையாது. 2021 அக்டோபரில் கோழிக்கோட்டில் மின்கம்பத்திலேயே சார்ஜர் மாட்டிப் பார்த்தாங்க, முக்கியமா ஆட்டோக்களுக்காக. அப்புறம் அதை 140 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் கொண்டுபோற திட்டம் வந்தது. இது நல்ல யோசனை. கம்பம் இல்லாத ஊர் ஏது?

பாலக்காட்டுக்கு இந்தக் கணக்கு சரியா வரும். வாளையாறு தாண்டினா கணவாய், பாதை கிட்டத்தட்ட சமதரை. 2021-ல் கேரள மின்துறை அமைச்சரான கே. கிருஷ்ணன்குட்டியே எல்லையோரச் சித்தூர்த் தொகுதிக்காரர்தான்.

இடுக்கியில்தான் சிக்கல். ஒன்றரை டன் கார் 1000 மீட்டர் உயரம் ஏற, துளி விரயம் இல்லாவிட்டாலும் சுமார் 4 யூனிட் மின்சாரம் வேணும். சமதரையில் அதே 4 யூனிட்டில் கிட்டத்தட்ட 25 கி.மீ. ஓட்டிடலாம். அதாவது போடியிலிருந்து மேலே போறவனுக்கு, வரைபடத்தில் இல்லாத ஒரு 25 கி.மீ. கூடுதலா இருக்கு. நிலத்தில் அளந்த தூரத்தை மட்டும் வெச்சுப் போட்ட விதிக்கு அந்த ஏத்தம் தெரியாது. தலையில் மூட்டையோட போனவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு மின்வாரியம், அந்தப் பக்கம் கேரள வாரியம். மூணாறு தோட்டப் பகுதியில் மின்விநியோக உரிமம் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனிக்கு. ஒரே ஏத்தம், மூணு பேர் கையில். மாநிலத் திட்டம் செக்போஸ்ட்டோட முடிஞ்சுடும், பயணம் முடியாது. 1956-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோட போன நாளிலிருந்து எங்களை மாதிரிக் குடும்பங்களுக்கு இது பழகிப்போன கதைதான்.

இத்தனைக்கும் மின்சாரம் பிறக்கிறதே அந்த மலையில். பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-ல் ஓட ஆரம்பிச்சது. 1976-ல் வந்த இடுக்கித் திட்டம் 780 மெகாவாட். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த மலையில், எங்க பெரியம்மா லயத்தில் ரொம்ப வருஷம் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிஞ்சது.

மாமாவுக்கு ராத்திரி திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன்: "வீட்டுலயே முழுசா ஏத்திட்டுக் கெளம்புங்க. திரும்பி எறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்கக் கொஞ்சம் சார்ஜ் ஏறும். நடுவுல தீந்தா மூணாறு டவுன்ல பெரிய ஓட்டல் எதுலயாவது கேளுங்க."

"அக்கா வீட்டு பிளக்குல போட்டா?"

"ரெண்டு ரூம் லயம் மாமா. அந்த லைன் தாங்குமான்னு பாத்துக்கிட்டுப் போடுங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஓட்டல்காரன்கிட்டப் போய் நிக்கவா கார் வாங்குனேன்? அடுத்த மாசமும் பஸ்லயே போறேன் மாப்ள" என்றார்.

கம்பம், குமுளி, கொழிஞ்சாம்பாறை பக்கத்து ஆட்கள் யாராவது இதில் மலை ஏறியிருந்தா, எங்கே நிறுத்தினீங்கன்னு எழுதுங்க. மாமாவுக்குச் சொல்லணும்.