கல்லறைகள் உண்டு, வீடுகள் இல்லை

1986இல் நிண்டெண்டோ வெளியிட்ட முதல் ஜெல்டா கேமில் ஒரு இடுகாடு வரும். வரிசையாகக் கல்லறைகள். தொட்டால் பேய் கிளம்பும். ஒரு கல்லை நகர்த்தினால் கீழே படிக்கட்டு. அங்கே ஒரு கிழவர், அவரிடம் அந்த நாட்டிலேயே சிறந்த வாள். எல்லாம் சரி. ஆனால் ஹைரூல் என்கிற அந்த நாட்டின் தரைப்பரப்பில் ஒரு வீடுகூடக் கிடையாது. அப்போ புதைக்கப்பட்டவங்க எங்கே வாழ்ந்தாங்க? புதைச்சவங்க எங்கே போனாங்க?

மொத்தம் 128 திரைகள். காடு, பாலை, மலை, கடற்கரை. மனிதர்கள் எல்லாரும் குகைக்குள் இருக்கிறார்கள், பெரும்பாலும் வயசானவர்கள், சில வியாபாரிகள். கடைக்கு வருகிற ஒரே வாடிக்கையாளர் நாம்தான். (அப்படியும் விலையைக் குறைக்க மாட்டார்கள்.) சில இடங்களில் குண்டு வைத்துப் பாறையை உடைத்தால் உள்ளே ஒரு கிழவர் நிற்பார், கதவைச் சரிசெய்ய ஆகும் செலவு என்று நம் காசில் 20 பிடித்துக்கொள்வார். முதல் தடவை சிரிப்பு வரும். பிறகுதான், வாசலே இல்லாத பாறைக்குள் இவர் எத்தனை நாளாக இருக்கிறார் என்று தோன்றும்.

ப்ரோகிராமர்களிடம் கேட்டால் மெமரி என்பார்கள். ஃபேமிகாம் கன்சோலின் சொந்த மெமரி 2 கிலோபைட். கேம் வந்த டிஸ்க், இரண்டு பக்கமும் சேர்த்து 112 கிலோபைட். தரைப்பரப்பின் ஒரு திரைக்கு 16 பைட்தான். ஒவ்வொரு பைட்டும் ஒரு செங்குத்துப் பட்டை. அதே பட்டைகளைத் திரும்பத் திரும்ப அடுக்கி ஒரு தேசத்தையே கட்டியிருக்கிறார்கள். மரங்கள் யாரோ நட்டுவிட்டுப் போன மாதிரி அவ்வளவு ஒழுங்காக நிற்பது இதனால்தான்.

நானும் இந்தப் பதிலோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அதே வருஷம் மே மாதம் வந்த டிராகன் குவெஸ்ட் வெறும் 64 கிலோபைட். அதில் ஊர்கள் இருந்தன, ஆட்கள் நடமாடினார்கள், அழிந்துபோன ஊர்கூட ஒன்று இருந்தது. 1987இல் ஜெல்டாவின் இரண்டாம் பாகம் அதே டிஸ்க்கில் ஊர் ஊராக வந்தது. ஆக, இடமில்லை என்பது பாதிப் பதில்.

மீதிப் பதில் ஷிகெரு மியாமோட்டோவின் பால்யத்தில் இருக்கிறது என நினைக்கிறேன். கியோட்டோவுக்கு அருகே சோனோபேயில் மலையும் காடும் சுற்றி, குகைக்குள் நுழைந்து பார்த்த அனுபவம்தான் ஜெல்டாவாக வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படி அலைகிற பையனுக்குக் காட்டில் ஊர் தேவையில்லை. ஊர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, இருட்டினால் திரும்பிவிடலாம். கேமுக்குள் காடு வந்தது, குகை வந்தது, வீடு மட்டும் வரவில்லை. லிங்க் திரும்பிப்போக எங்கேயும் இடமில்லை.

2017இல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டு, பேரழிவு நடந்து 100 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று சொல்லி இடிந்த சுவர்களைக் காட்டுகிறது. அழகான கேம்தான். ஆனால் இடிந்த சுவரில் ஒரு ஆறுதல் இருக்கு, இங்கே யாரோ இருந்தாங்க என்று. பழைய ஹைரூலில் அதுகூடக் கிடையாது.

கானனைக் கொன்று கேமை முடித்தால், நிலவறைகள் இடம்மாறி இரண்டாம் ஆட்டம் தொடங்கும். ஊர் அப்போதும் வந்திருக்காது. பாறையை உடைத்தால் கிழவர் காசைப் பிடித்துக்கொள்வார்.