எரிந்த ஊர்களும் எழுந்த சபைகளும்

காட்டுத்தீ ஓர் ஊரை விழுங்கும்போது இருவகைச் செல்வங்கள் அழிகின்றன. ஒன்று கண்ணாற் காணக்கூடியது: வீடு, வேலி, பாடசாலை, தோட்டம், மாடு கன்று. மற்றையது கண்ணுக்குப் புலப்படாதது: அயலாரோடு கூடியிருந்து, "இது எம்மூர், இங்கு இன்னது செய்வோம்" என்று தீர்மானிக்கும் ஆற்றல். முன்னையதைப் பணமும் ஆட்பலமுங் கொண்டு காலப்போக்கில் மீட்டுவிடலாம். பின்னையதை வெளியிலிருந்து எவரும் கொண்டுவந்து கொடுத்தல் இயலாது. இவ்வுண்மையை அவுஸ்திரேலிய நாட்டின் விக்டோரியா மாநிலம் எழுபது ஆண்டுக் காலத்தில் மூன்று பெருந்தீக்களின் வாயிலாகக் கற்றுக்கொண்டது. அவ்வரலாறே, நேயர்களே, இப்பேச்சின் பொருளாகும்.

முதலில் அந்நிலத்தின் இயல்பை அறிதல் நன்று. விக்டோரியா அவுஸ்திரேலியாக் கண்டத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ளது. அதன் மலைச்சாரல்களை மூடி நிற்பவை யூக்கலிப்டஸ் மரங்கள். தடிமனுக்கும் தலைவலிக்கும் நாம் பூசும் தைலம் அம்மரத்தின் இலையிலிருந்து வடிக்கப்படுவதே. எண்ணெய் பொதிந்த இலையும், நாராக உரிந்து தொங்கும் பட்டையும் நெருப்புக்குப் பெருவிருந்து. அங்கே கோடைகாலம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையாகும். கண்டத்தின் நடுவிலுள்ள வறண்ட நிலத்தின் வெப்பத்தைச் சுமந்துகொண்டு வடகாற்று வீசும் நாளில், எரியும் பட்டைத் துண்டுகள் வானிற் பறந்து, நெருப்பு வரிசைக்குப் பல மைல் முன்னாற் சென்று விழுந்து புதுத்தீ மூட்டும். பின்னர் காற்றுத் திடீரெனத் தென்மேற்கிலிருந்து திரும்பி வீசும். அதுவரை நீண்டு கிடந்த நெருப்பின் பக்கவாட்டு எல்லை முழுவதும் அப்பொழுது முகப்பாக மாறி முன்னேறும். தப்பினோம் என்று எண்ணியிருந்த ஊர்கள் தீயின் வழியில் அகப்படுவது அவ்வேளையிலேதான்.

1939ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 13ஆம் நாள் வெள்ளிக்கிழமை விக்டோரியாவின் காடுகளிற் பெருந்தீ பரவியது. 'கறுப்பு வெள்ளி' என அந்நாள் வரலாற்றில் இடம்பெற்றது. அக்கோடைத் தீயில் 71 பேர் மாண்டனர். ஏறத்தாழ 20 இலட்சம் ஹெக்டேயர் நிலம் எரிந்தது. காட்டினுள்ளே இயங்கிய 69 மரம் அரியும் ஆலைகள் சாம்பலாயின. நார்பெதொங் போன்ற சிற்றூர்கள் முற்றாக அழிந்தன. நீதிபதி ஸ்ட்ரெற்றன் தலைமையில் அமைந்த அரச ஆணைக்குழு காட்டுவாசிகளையும் ஆலைத் தொழிலாளரையும் அழைத்து வாக்குமூலம் பெற்றது. அத்தீக்களை மூட்டியது மனிதர் கையே என்று அது முடிவு செய்தது. ஆயினும் எரிந்த குடியிருப்புக்களின் எதிர்காலத்தைத் தீர்மானித்தோர் வேறிடத்தில் இருந்தனர். மர ஆலைகள் காட்டைவிட்டு நகரங்களை நாடின. அவற்றைச் சூழ்ந்திருந்த குடியிருப்புக்கள் பல மீண்டும் எழவேயில்லை. அன்று ஊரவனுக்குக் கிடைத்த இடம் சாட்சிக் கூண்டு மாத்திரமே.

1944இல் மறுபடியுந் தீ மூண்டது. மறுபடியும் விசாரணை நடந்தது. அதன் பயனாக 1945இல் நாட்டுப்புறத் தீயணைப்பு அதிகார சபை இயங்கத் தொடங்கிற்று. கமக்காரனும் கடைக்காரனும் ஆசிரியனும் தொண்டர்களாகச் சேர்ந்து தம்மூரைக் காக்கும் முறை ஒரு சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்டது. சாட்சியாக நின்றவன் இவ்வாறு காவலனானான்.

1983ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள், கிறிஸ்தவர்களின் சாம்பற் புதன் அன்று, விக்டோரியாவிலும் அயலிலுள்ள தென் அவுஸ்திரேலியாவிலும் மூண்ட தீயில் 75 பேர் இறந்தனர். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. வீடு கட்டிக் கொடுத்தவுடன் துயர் தீர்ந்துவிடுவதில்லை என்பதும், ஊர் மீளும் வேலையில் ஊராருக்கே முதலிடம் வேண்டும் என்பதும் அந்நாட்டின் அனர்த்த நிருவாகத்தில் மெல்ல மெல்ல வேரூன்றின. எனினும் அக்கருத்துப் பெருமளவிற் சோதனைக்கு உள்ளாவதற்கு இன்னும் 26 ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது.

அச்சோதனை 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள் சனிக்கிழமை வந்தது. அன்று மெல்பேண் நகரில் வெப்பம் 46.4 பாகை, அந்நகரில் அதுவரை பதியப்படாத வெப்பம் அது. முற்பகலிற் கிழக்குக் கில்மோர் என்னுமிடத்தில் மின்கம்பி ஒன்று அறுந்து தீப்பொறி எழுந்தது. அந்த ஒரு தீயே 119 உயிர்களைக் கொண்டது. மாநிலம் எங்கணும் அன்றைய தீக்களில் 173 பேர் மாண்டனர். ஈராயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 1939இல் எரிந்த நார்பெதொங் மீண்டும் எரிந்தது. மலையடிவாரத்துச் சுற்றுலா நகரான மேரிஸ்வில்லில் நானூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களுள் பதினான்கு மாத்திரமே எஞ்சின. அந்நகரில் 34 பேர் இறந்தனர். ஏறத்தாழ 200 பேர் வாழ்ந்த ஸ்ட்ராத்யூவன் என்னுஞ் சிற்றூரில் 27 பேர் உயிர் துறந்தனர். ஏழு பேரில் ஒருவரை இழந்த ஊர் அது. அங்கே துக்கம் விசாரிக்கச் செல்பவனும் துக்கத்துக்கு உரியவனாகவே இருந்தான்.

அரசாங்கம் தாமதிக்கவில்லை. மூன்றே நாட்களில் மீள்நிர்மாண அதிகார சபை ஒன்று அறிவிக்கப்பட்டது; மாநிலப் பொலிஸ் தலைவராயிருந்த கிறிஸ்ரீன் நிக்சன் அதற்குத் தலைமை தாங்கினார். பொதுமக்கள் ஈந்த நன்கொடை 37 கோடி டொலருக்கும் மேற்பட்டது. அந்நிதியின் ஆலோசனைக் குழுவுக்கு, முன்னாள் மாநில ஆளுநரும் ஒரு மைலை நான்கு நிமிடத்துள் ஓடி உலகப் புகழ் பெற்ற வீரருமான ஜோன் லாண்டி தலைவரானார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட காணிகளின் இடிபாடுகளை உரிமையாளரிடம் ஒரு சதமும் பெறாது அகற்றிக் கொடுத்தனர். அனுப்பப்பட்ட உடைகளும் தட்டுமுட்டுக்களும் பண்டசாலைகளை நிறைத்தன. கொடைக்குக் குறைவில்லை. ஆனால், கொடையை எவ்விடத்தில், எவ்வொழுங்கில், எவ்வேகத்தில் ஏற்பது என்று சொல்வதற்கு ஊரின் பெயரால் யார் வாய் திறப்பது? கேள்வி அங்கேதான் பிறந்தது.

தீப்பட்ட பகுதிகளில் 33 ஊர் மீட்சிக் குழுக்கள் அமைந்தன. அவற்றிற்கு வரி விதிக்கவோ சட்டமியற்றவோ அதிகாரமில்லை. அவ்வதிகாரம் பிரதேச சபைகளிடமும் மாநில அரசிடமும் இருந்தது. ஊருக்கு என்னென்ன வேண்டும், எது முந்த வேண்டும், எது பிந்தலாம் என்று கூடிப் பேசி ஒரு திட்டத்தை எழுதி அரசின் முன் வைப்பதே அக்குழுக்களின் பணி. கிங்லேக், பிளவர்டேல், மேரிஸ்வில் ஆகிய இடங்களில் தற்காலிகக் குடியிருப்புக்கள் எழுந்தன. வீடிழந்தோர் தம்மூரை விட்டுத் தொலைவிற் சிதறிப் போகாதிருக்க அவை உதவின. ஆட்கள் அருகில் இருந்தாலன்றி ஊர்ச்சபை கூடுவது எவ்வாறு?

இக்குழுக்கள் எல்லாம் ஒரே வகையிற் பிறந்தவை அல்ல. சில இடங்களில் முன்வந்தவர்களே உறுப்பினராயினர். அவசரத்தில் அது இயல்பே. ஆயினும், "உங்களை யார் நியமித்தார்?" என்ற வினா பின்னர் எழுந்தபோது, அத்தகைய குழுவுக்கு விடைகூறுதல் அரிதாயிற்று. ஸ்ட்ராத்யூவன் ஊரார் வேறு வழியை நாடினர். தமக்கெனப் புத்தாக்கச் சங்கம் ஒன்றை நிறுவி, அதற்குரியோரைத் தம் வாக்காலே தெரிவு செய்தனர். இருபத்தேழு பேரை இழந்து, எஞ்சியோர் பல திசையிலுஞ் சிதறிக்கிடந்த வேளையில் வாக்கெடுப்பு என்பது காலத்தைப் போக்கும் சடங்கு என ஒருவர் நினைக்கலாம். உண்மையில் அதுவே முதலாவது மீட்சி வேலையாயிற்று. வாக்களிக்க வேண்டுமாயின் யார் யார் எங்கே இருக்கிறார் என்று அறிய வேண்டும். ஒவ்வொருவருக்குஞ் செய்தி சொல்ல வேண்டும். வீடிழந்தவனும் வீடு தப்பியவனும் ஒரே பட்டியலில் இடம்பெற வேண்டும். எரிந்துபோன ஊர், தன் மக்களின் பெயர்களை மறுபடியும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் செயல் அது.

அவ்வூரின் பாடசாலையும் மண்டபமும் எரிந்திருந்தன. பிள்ளைகள் வாட்டில் கிளென் என்னும் அயலூர்ப் பாடசாலையிற் கற்றனர். பாடசாலையும் மண்டபமும் மீண்டும் எழும்பின. பின்னாளில் அப்பாடசாலைச் சிறுவர், உள்ளூர்த் தீயணைப்புத் தொண்டர்களிடம் காட்டுத்தீயின் இயல்பை முறையாகக் கற்று, தாம் கற்றதைப் பிறருக்கும் எடுத்துரைத்தனர். அச்சத்தின் பொருளாயிருந்த நெருப்பு, அறிவின் பொருளாயிற்று.

மேரிஸ்வில்லின் வரலாறு வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது. இறந்தோரைத் தேடும் பொருட்டும் விசாரணையின் பொருட்டும் பொலிசார் அந்நகரைப் பல வாரங்கள் மூடிவைத்தனர். தம் வீடு இருந்த இடத்தைச் சென்று பார்க்கவும் மக்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. உல்லாசப் பிரயாணிகளை நம்பி வாழ்ந்த நகர் அது; விடுதி இன்றேல் வேலையில்லை, வேலை இன்றேல் குடியில்லை. ஆகவே விரைந்து கட்டுவோம் என்பாரும், ஆறியிருந்து சிந்திப்போம் என்பாரும் ஒரே குழுவில் எதிரெதிரே அமர்ந்தனர். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. அரசின் பண உதவியோடு பெரிய விடுதி ஒன்று 2015இல் திறக்கப்பட்டது. ஆனால் 2006ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஐந்நூறளவில் இருந்த மக்கள் தொகை, 2011இல் அதன் பாதிக்குங் குறைந்துபோயிற்று. பின்னர் படிப்படியாக மக்கள் வந்து குடியேறினர். அவர்களுட் பலர் புதியோர். கட்டடத்தின் காலக் கணக்கு வேறு, மனிதர் திரும்பும் காலக் கணக்கு வேறு என்பதற்கு மேரிஸ்வில் ஒரு சான்று.

ஊர்க்குழு என்றால் ஒற்றுமையே நிலவும் என்று கருதுவது பேதைமை. வீடு முழுதாக எரிந்தவனுக்கு ஓர் அளவு உதவி. மதில் மாத்திரம் எரிந்தவனுக்கு வேறோர் அளவு. எதுவும் எரியாது அயலவனின் உடலைக் கண்டெடுத்தவனுக்கு எந்த அளவு? இத்தகைய கேள்விகள் நட்பைப் பிளந்தன. பகலிற் குழு வேலையும் இரவில் தம் சொந்தத் துயரும் என இரட்டைச் சுமை தாங்கியோர் சோர்ந்தனர். அரசுக்குக் குற்றஞ்சாட்டக் கடிதம் எழுத வேண்டும்; குழுவினருக்கோ கடைத்தெருவிலேயே குற்றஞ்சாட்டலாம்.

இதனை ஆராய்ந்தோரும் உளர். மெல்பேண் பல்கலைக்கழகத்தார் தீக்குள்ளான ஊர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கேட்டறிந்தனர். ஊர்ச் சங்கங்களிற் பங்குகொண்டோர் மனத்துயரிலிருந்து ஓரளவு எளிதாக மீண்டனர். ஆனால் அளவுக்கு மிஞ்சிப் பல சங்கங்களில் ஈடுபட்டோருக்கு அந்நன்மை கிட்டவில்லை. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் வழக்கு. வடத்தைச் சிலர் கையிலேயே விட்டுவிட்டால் தேரும் நகராது, இழுத்தவரும் வீழ்வர் என்பதே அவ்வாராய்ச்சியின் சாரம் எனலாம்.

மாநில மீள்நிர்மாண அதிகார சபை 2011ஆம் ஆண்டின் நடுவில் தன் பணியை முடித்து விலகிற்று. அரச ஆணைக்குழு 67 விதப்புரைகளை வழங்கிக் கலைந்தது. மின்கம்பித் தீயினால் இழந்தோர் தொடுத்த வழக்கு 2014இல் ஏறத்தாழ 49 கோடி டொலருக்குத் தீர்க்கப்பட்டது. இவையெல்லாம் வேண்டியனவே. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் முடிவுத் தேதி ஒன்று உண்டு. ஊருக்கு அத்தகைய தேதி இல்லை. உத்தியோகத்தர் விடைபெற்ற பின்னும் அடுத்த கோடை வரும். அப்பொழுது தண்ணீர்த் தொட்டி நிறைந்துள்ளதா, தனித்திருக்கும் முதியவரை அழைத்துவர யார் பொறுப்பு என்று கேட்பதற்கு ஊரிலே ஒருவர் இருத்தல் வேண்டும். சாட்சியாகவும், பின்னர் காவலனாகவும் இருந்தவன், மூன்றாம் முறையில் தன் ஊரின் மந்திரியாகவும் ஆனதன் பயன் இதுவே.

ஸ்ட்ராத்யூவனிலே இரும்பால் ஆன மரம் ஒன்று நிற்கிறது. ஏறத்தாழ பத்து மீற்றர் உயரம். பல நாட்டுக் கொல்லர் தத்தம் உலைகளில் அடித்து அனுப்பிய மூவாயிரத்துக்கு மேற்பட்ட உலோக இலைகளை அது தாங்கி நிற்கிறது. பல இலைகளிற் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதனை ஆக்கிமுடிக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சென்றன. 2013இலேயே அது நாட்டப்பெற்றது. ஒரு தொழிற்சாலையில் ஒரு திங்களில் வார்த்து முடித்திருக்கக்கூடிய மரம் அது. ஒவ்வோரிலையாகச் சேர்ப்பதற்குக் காத்திருந்தமையாலன்றோ இத்துணைபேர் கை அதிற் பட்டது!