ரெம்பியாவில் பால்கறை

1896-ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டபோது, அந்த மரம் தமிழ்ப் பெண்களின் துவைகல்லுக்குப் புதியதொரு விரோதியைக் கொண்டுவரும் என்று எவரும் நினைத்திருக்க நியாயமில்லை. காலக்கிரமத்தில் அலோர் காஜா மாவட்டத்தின் ரெம்பியா வட்டாரமும் பால்மரக் காடாயிற்று. கங்காணிகள் மூலம் ஆள் வரும் வழியை இந்திய அரசு 1938-இல் அடைப்பதற்குள், தமிழ்க் குடும்பங்கள் மலாயாத் தோட்ட லயங்களில் வேரூன்றிவிட்டன.

களர்நிலக் கிணற்று நீரில் துணி வெளுத்ததைப் புறநானூறு கூறும். வெள்ளாவியின் மகிமையையும் நம்மவர் அறிவர். ஆயினும் மஞ்சளுக்கும் வெற்றிலைச் சாற்றுக்கும் பழகிய அந்தச் சலவை சாஸ்திரம் ரப்பர்ப் பாலின் கறையிடம் பலிக்கவில்லை. மரத்தில் பால் ஏந்தும் மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றுகையில் சேலையில் தெறிக்கும் பால், ஈரமாக இருக்கும்வரை பச்சைத் தண்ணீருக்கு இணங்கும். வெந்நீர் பட்டாலோ, துருக்கறைக்குத் தேய்க்கும் எலுமிச்சைச் சாறு பட்டாலோ, அமிலத்தால் பால் உறைவதைப் போலவே நூலிழைகளுக்குள் இறுகிவிடும். உலர்ந்த பின் கறுத்துத் தடிக்கும் அதனை நகத்தால் உரித்து, மிஞ்சியதை அடுப்புக்கு எட்டத்தில் மண்ணெண்ணெய் தடவி நெகிழச் செய்து, பின்பு அந்த வாடை தீரச் சவுக்காரமிட்டு அலசுவதே உபாயம். நீர் கரைக்காத ரப்பரை எண்ணெய் ஊடுருவி உப்பச் செய்யும் என்பதே அதன் காரணம்.

இத்தனை பிரயத்தனத்துக்குப் பிறகும் நிழல்போலக் கறை நிற்பதுண்டாகையால், வேலைத்துணி வேறு, கோயில் துணி வேறு என்று பிரித்து வைத்ததே மெய்யான சிகிச்சையாயிற்று.

1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வர்த்தகப் பயிராகத் தொடங்கிய செம்பனை, 1960-களுக்குப் பின் பால்மரங்களின் இடத்தை மெல்ல மெல்லக் கைப்பற்றிற்று. அதன் செந்நிறக் கறையின் சுபாவமே வேறு: பிசுக்கைச் சவுக்காரம் போக்க, எஞ்சிய கரோட்டின் நிறத்தை வெயிலே வெளுக்கும். பால்மரத் துணியை எந்த வெயிலில் விரித்தால் கறை கறுத்து இறுகுமோ, அதே வெயிலில் செம்பனைத் துணியை விரிப்பதுதான் விவேகம். ஆதலால் பயிர் மாறியபோது, தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய சலவை முறையும் மாற வேண்டியதாயிற்று. தோட்டச் சரித்திரம் எழுதுவோர் விலைவாசிக் கணக்கோடு இந்த அறிவையும் சேர்த்தெழுதுவதே முறையாகும்.