அடுத்த பின்னலைத் தீர்மானித்தவர்கள்

தென்னிந்தியாவில் கைப்பின்னல் குளிருக்காக வளரவில்லை. சென்னையின் கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், நங்கநல்லூர் வட்டாரத்தில் ஜனவரி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதே நகரின் நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். ஸ்வெட்டர் இல்லாமலே ஆயுளைக் கழித்துவிடக்கூடிய ஊரில், கையிலிருந்த வேலை முடிந்ததும் அடுத்து எதைப் பின்னுவது என்று சொல்ல உடம்பின் தேவை ஒன்றும் இருக்கவில்லை. அதை வேறு யாரோ சொன்னார்கள். அந்த ‘யாரோ’ காலத்துக்குக் காலம் மாறியதே இந்தக் கைத்தொழிலின் வரலாறு.

பதிவுகளில் தெளிவாகத் தெரியும் தொடக்கம் நாகர்கோவில். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் 1819 இறுதியில் அங்கு வந்தனர். சில ஆண்டுகளுக்குள் மார்த்தா மால்ட் பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இது ஊசியால் போடும் பின்னல் அல்ல. திண்டின் மேல் துளையிட்ட மாதிரித் தாளை விரித்து, துளைதோறும் குண்டூசி குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப்போட்டு முறுக்கிச் செல்வது. வேலை முடிந்து குண்டூசிகளைப் பிடுங்கிய பிறகுதான் அது துணியாகத் தனித்து நிற்கும். அடுத்து எந்த மாதிரித் தாள் திண்டின் மேல் ஏறும் என்பதில் பின்னும் பெண்ணுக்குப் பேச்சில்லை. வாங்குபவர்கள் ஐரோப்பியர்கள், அவர்கள் விரும்பிய விளிம்பு, அவர்கள் விரும்பிய பூ.

ஆனால் கூலி பெண்ணின் கைக்கே வந்தது, அது சிறிய விஷயமல்ல. நாகர்கோவில் அன்று இருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் வேலையில் கிடைத்த பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் நாகர்கோவிலில் இருந்தார்கள். தமிழ்ப் பெண்களின் கைவேலை வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி இல்லை என்றே சொல்லலாம். மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1822இல் நாகர்கோவிலில் பிறந்தவர், தமிழ் பேசி வளர்ந்தவர். 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது, லேஸ் திண்டும் அந்தத் தேரிக்காட்டுக்குப் போனது. கணவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அடைந்த புகழில் மனைவி நடத்திய பள்ளியும் லேஸ் வேலையும் மங்கிப்போயின.

ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் பின்னலான குரோஷாவுக்குத் தென்னிந்தியாவில் பெரிய மையம் ஆந்திரத்தின் நரசாப்பூர். கோதாவரிக் கழிமுகத்தில் இதையும் மிஷனரிகளே தொடங்கிவைத்தார்கள். பின்னர் அது வியாபாரிகள் கைக்குப் போனது. மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்த ஏற்பாட்டை விரிவாகக் காட்டுகிறது. ஏஜென்ட் நூல் கொடுப்பார். ஒரு பெண் பூக்களை மட்டும் போடுவாள். இன்னொருத்தி அவற்றை இணைப்பாள். தொடங்கியவள் முடிந்த மேசை விரிப்பைப் பார்க்காமலே போகலாம். உலகச் சந்தைக்கு உழைத்த இந்தப் பெண்கள் தொழிலாளிகளாகக் கணக்கில் வரவில்லை, வீட்டில் சும்மா இருப்பவர்களாகவே எண்ணப்பட்டார்கள் என்பது மீஸின் வாதம். நரசாப்பூர் குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இயந்திரங்கள் பெருகிய பிறகும் குரோஷா கைவேலையாகவே நீடித்ததற்கு அதன் அமைப்பே காரணம். இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஒரே நேரத்தில் ஊசியில் நிற்கும். அதனால் அதை இயந்திரத்துக்கு மாற்ற முடிந்தது: இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இலேயே காலுறை பின்னும் சட்டத்தை அமைத்துவிட்டார். திருப்பூரின் பனியன் ஆலைகள் அந்த வழியில் வந்தவை. குரோஷாவில் கொக்கியில் நிற்பது பெரும்பாலும் ஒரே கண்ணி. ஒவ்வொரு கண்ணியும் முன்பே முடிந்த பகுதிக்குள் எங்கோ ஓரிடத்தில் நுழைந்து வெளிவர வேண்டும். அந்த அசைவைத் தொழிற்சாலை அளவில் செய்யும் இயந்திரம் இன்னும் பரவவில்லை. முடிப்பதும் எளிது: நூலை நறுக்கி, கடைசிக் கண்ணி வழியாக இழுத்து இறுக்கி, நுனியைப் பின்னலுக்குள் மறைத்தால் போதும். மிஞ்சிய நூலை வீணாக்காத வழக்கமும் இதனோடு ஒட்டியது. துண்டு நூல்களில் சதுரங்கள் போட்டுச் சேர்த்துவைத்து, போதுமான அளவு சேர்ந்ததும் போர்வையாக இணைப்பார்கள். இந்தச் சதுரங்களுக்குப் பெயர் கிரானி ஸ்கொயர்.

இருபதாம் நூற்றாண்டில் பள்ளித் தையல் வகுப்பும் வீடும் பின்னலை வளர்த்தன. ரேடியோ மேல் விரிப்பு, டிவி கவர், உல்லன் நூலில் வாசல் தோரணம், பிறந்த குழந்தைக்குக் குல்லாவும் சாக்ஸும் என்று வெயில் நாட்டுக்கு ஏற்ற பட்டியல் ஒன்று உருவானது. அதில் பெரும்பகுதி உடம்புக்கானதல்ல, வீட்டுக்கானது. உண்மையான குளிருக்காக நாடு பின்னல் கேட்ட தருணம் 1962 சீனப் போர். இமய எல்லையில் நின்ற ஜவான்களுக்காகப் பெண்கள் நாடு முழுவதும் ஸ்வெட்டர் பின்னினார்கள்.

அடுத்தது என்ன என்பதைப் பின்னுகிறவர்களே கூடித் தீர்மானித்தது சென்னையில். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழு ஃபேஸ்புக் வழியாகப் பெண்களைத் திரட்டியது. முன்மாதிரி தென்னாப்பிரிக்கா. நெல்சன் மண்டேலா நினைவாக 67 போர்வைகள் பின்னும் சவாலை 2013 டிசம்பரில் ஏற்ற கேரொலின் ஸ்டெய்னின் இயக்கம், 2015இல் பிரிட்டோரியாவில் அதுவரை உலகின் மிகப் பெரியதான குரோஷா போர்வையை விரித்திருந்தது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் விரிக்கப்பட்ட போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். கின்னஸ் பதிவில் அது முந்தைய சாதனையை வெகுதூரம் தாண்டியது. இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டிலிருந்தே சதுரங்கள் போட்டு அனுப்ப, அவை ஒன்றாக இணைக்கப்பட்டன. சாதனை முடிந்ததும் அதைப் பிரித்து இல்லாதவர்களுக்குப் போர்வைகளாகக் கொடுப்பது திட்டம். நரசாப்பூரில் பூப் போட்டவளுக்குக் கிடைக்காத ஒன்று, முடிந்த பொருள் எங்கே போகிறது என்ற அறிவு, இங்கே முதல் கண்ணியிலேயே இருந்தது.

அடுத்து என்ன என்ற கேள்விக்குக் குழு ஒவ்வொரு முறையும் வேறு விடை கண்டது. 2017இல் 14 கிலோமீட்டருக்கும் நீளமான ஸ்கார்ஃப் பின்னப்பட்டது. 2018இல் திசை மாறி, பல்லாயிரம் சிறு குரோஷா உருவங்களின் காட்சி வைக்கப்பட்டது. பஞ்சு அடைத்த இத்தகைய சிறு பொம்மைகளுக்கு ஜப்பானில் அமிகுருமி என்று பெயர். போர்வைக்கு மாதக்கணக்கு தேவை. பொம்மை ஓரிரு மாலைகளில் முடியும். நூலும் குறைவு, வெயிலும் பொருட்டில்லை.