பழுவூரின் நந்தாவிளக்கும் எருசலேமின் குத்துவிளக்கும்

பழங்கோயில் ஒன்றை ஆராய்வோரின் பார்வை முதலில் விமானத்தின் மீதும் சிற்பங்களின் மீதும் செல்வது இயல்பேயாயினும், அங்கு நாள்தோறும் நடந்த வழிபாட்டின் உண்மையான உருவம் விளக்கு, தளிகை, கெண்டி, கலசம் முதலிய பூசைக் கலன்களிலும், அவற்றைக் கையாளும் உரிமையும் கடமையும் பெற்றிருந்த மனிதர்களிடத்திலுமே தங்கியிருந்தது. ஒருகாலத்தில் பெரம்பலூரோடு ஒரே மாவட்டமாய் இருந்த அரியலூர்ப் பகுதியில், கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என்று இன்று தனித்தனியே வழங்கும் ஊர்களை உள்ளடக்கிய பழைய பழுவூர், இவ்வகை ஆய்வுக்கு மிகுந்த இடம் தருவது. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சோழர்க்கு உட்பட்டு இப்பகுதியை ஆண்ட பழுவேட்டரையர்கள் போற்றிய அவனிகந்தர்வ ஈசுவரகிருகம் என்னும் இரட்டைக் கோயில் கீழையூரில் இன்றும் நிற்கிறது. கீழப்பழுவூரின் திருவாலந்துறை மகாதேவர் கோயிலோ அதனினும் முந்திய வழிபாட்டு மரபை உடையது.

இத்திருவாலந்துறையைப் பாடிய ஞானசம்பந்தர், அங்கு இறைவனை ஏத்தும் அந்தணர்களை மலையாளர் என்றே குறிப்பிடுகிறார். சுந்தரசோழனின் அன்பில் செப்பேடு, முதற் பராந்தகன் மணந்த பழுவேட்டரையர் மகளைச் சேர மரபினளாகக் காட்டுவதையும் இதனோடு சேர்த்து நோக்கினால், காவிரிக்கும் மேற்கு மலைக்கும் இடையே அரச உறவு மட்டுமன்றி வழிபாட்டு உறவும் நிலவியது புலனாகும். ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் சம்பந்தரின் காலத்திலேயே இவ்வந்தணர் இங்கிருந்தமையால், பழுவேட்டரையர் ஆட்சிக்கு முன்பே அவர்கள் குடியேறியிருக்க வேண்டும் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கருவறைக்குள் புகுந்து இறைத்திருமேனியைத் தீண்டிப் பூசிக்கும் உரிமையைச் சைவ ஆகமங்கள், அதாவது கோயிலமைப்பையும் பூசைமுறையையும் வகுக்கும் நூல்கள், ஆதிசைவ மரபில் பிறந்து தீட்சை பெற்ற சிவாசாரியர்க்கே உரியதாக்கின. பண்டைய இசுரவேலரிடத்தும் ஆசாரியப் பணி ஆரோனின் வழியினர்க்கே உரியதாயிருந்தது. அவர்களது வழிபாட்டிடத்தில் திரைச்சீலைக்கு அப்பாலுள்ள மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் தலைமை ஆசாரியர் ஒருவர் மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை பாவநிவிர்த்தி நாளில் நுழைந்தார். தமிழ்நாட்டுக் கருவறையில் இலிங்கம் நின்ற இடத்தில், அங்கே கேருபீன்கள் என்னும் சிறகுடைய உருவங்களுக்கு இடையே உருவமற்ற வெளியே இருந்தது என்பது இவ்விரு மரபுகளுக்கும் இடையிலான ஆழ்ந்த வேறுபாடு. இதை மறந்து ஒப்புமைகளை மட்டும் அடுக்குவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

எனினும் விளக்கைப் பொறுத்தவரை இரண்டும் வியக்கத்தக்க அளவுக்கு நெருங்குகின்றன. சோழநாட்டுக் கல்வெட்டுகள் மிகுதியாகப் பேசும் கொடை நந்தாவிளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாது எரிய வேண்டிய விளக்கு ஆகும். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றை ஏற்றுக்கொண்ட மன்றாடி எனப்படும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு, அதாவது நாழியில் நான்கில் ஒரு பங்கு, நெய்யைக் கோயிலுக்கு அளக்கக் கடமைப்பட்டார். இறப்பனவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்பி மந்தையின் எண்ணிக்கை குறையாது நிற்கும் என்ற கணக்கில் இவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, கொடையாளர் உண்மையில் நிறுவியது உலோகத்தாலான விளக்கை மட்டுமன்று என்பதே. தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒரு குடும்பத்தின் பொறுப்பையும், அதைக் கண்காணிக்கும் ஊர்ச்சபையின் பொறுப்பையும், சந்திர சூரியர் உள்ளவரை செல்லும்படி அவர் நிறுவினார். மேய்ச்சல் நிலம் குன்றினாலோ இடையர் ஊர்விட்டு அகன்றாலோ, எத்துணை விலையுயர்ந்த விளக்காயினும் இருண்டே கிடந்திருக்கும்.

விவிலியத்தின் யாத்திராகமம் விவரிக்கும் ஆசரிப்புக் கூடாரம் என்னும் பெயர்த்துச் செல்லத்தக்க வழிபாட்டிடத்தின் குத்துவிளக்கும் இத்தகைய கடமையின் மீதே எரிந்தது. ஒரு தாலந்து எடையுள்ள பசும்பொன்னை அடித்து உருவாக்கிய ஏழு அகல்களுடைய அவ்விளக்குக்கு, இடித்துப் பிழிந்த தெளிந்த ஒலிவ எண்ணெயைக் கொண்டுவரும் பொறுப்பு மக்கள் அனைவர்க்கும் உரியதாக, மாலை முதல் விடியும்வரை அதைப் பேணும் பொறுப்பு ஆரோனுக்கும் அவர் மைந்தர்க்கும் உரியதாக விதிக்கப்பட்டது. கணக்கெடுக்கப்பட்ட ஒவ்வோர் ஆண்மகனும் செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி அரைச் சேக்கல் வெள்ளி செலுத்தினார்; அவ்வெள்ளியில் 100 தாலந்தைக் கொண்டே கூடாரத்தைத் தாங்கிய 100 பாதங்கள் வார்க்கப்பட்டன என்று அந்நூல் கூறுவதில், வழிபாட்டிடம் எதன்மேல் நின்றது என்பது வெளிப்படையாகவே தெரிகிறது.

பெயர்த்துச் செல்லத்தக்க திருப்பொருள்கள் இரு மரபுகளிலும் தனிச் சிறப்புப் பெற்றன. இசுரவேலரின் மகா பரிசுத்த ஸ்தலத்தில் வைக்கப்பட்ட உடன்படிக்கைப் பெட்டியின் வளையங்களில் செருகிய தண்டுகள் ஒருபோதும் கழற்றப்படலாகாது. அதைத் துணியால் மூடிய பின்னரே கோகாத்தியர் என்னும் லேவியப் பிரிவினர் தோளில் சுமக்க வேண்டும். சோழர்காலச் செப்புத் திருமேனிகள் பலவற்றின் பீடங்களிலும் தண்டு செருகுவதற்கான வளையங்களும் துளைகளும் உள்ளன. கருவறையை விட்டு நீங்காத இலிங்கத்துக்கு மாற்றாக வீதியுலா வருவதற்கென்றே இவை வார்க்கப்பட்டன. கங்கைகொண்ட சோழபுரத்தின் சோமாஸ்கந்தர், சுப்பிரமணியர், போகசக்தி ஆகிய செப்புத் திருமேனிகள் இக்கலையின் உயரத்தை இன்றும் காட்டுகின்றன.

விலையுயர்ந்த கலன்கள் எங்கும் போர்க்கொள்ளைக்கு உள்ளாயின. கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேம் தேவாலயத்தின் வெண்கலத் தூண்களை உடைத்து எடுத்துச் சென்றனர். மீண்டும் கட்டப்பட்ட ஆலயத்தின் குத்துவிளக்கைக் கி.பி. 70-இல் உரோமர் கவர்ந்து சென்ற காட்சி டைட்டசின் வளைவில் செதுக்கப்பட்டுள்ளது. சோழரும் இதற்கு விலக்கல்லர். இராசேந்திரன் நிறுவிய தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தைச் சூழ்ந்த பகுதியில் சாளுக்கிய, கலிங்கப் பாணிச் சிற்பங்கள் காணப்படுவது, அந்நாடுகளின் கோயில்கள் இழந்ததை நினைவூட்டுகிறது. பின்னர் அந்நகரமும் வீழ்ந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காக 1836-இல் கங்கைகொண்ட சோழேச்சரத்தின் மதிற்கற்கள் பெயர்க்கப்பட்டது, போரின்றியே நேர்ந்த பேரிழப்பு.

இத்தகைய இழப்புகளைக் கடந்தும் நிற்பவை எழுத்தில் ஏறிய கணக்குகளே. பாரசீக அரசன் கோரேசு திருப்பியளித்த 5,400 பொன், வெள்ளிக் கலன்களை எஸ்றாவின் நூல் எண்ணிச் சொல்கிறது. முதலாம் இராசராசன் தஞ்சைக் கோயிலுக்கு அளித்த பொற்கலன்களை, ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்து, ஒவ்வொன்றாகக் கல்லில் பொறித்துள்ளனர். இரண்டாம் ஆலயம் அழிந்தபின் யூத அறிஞர்கள் அதன் அளவுகளையும் அன்றாடப் பணிகளையும் மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில், கி.பி. 200-ஐ ஒட்டி, இனி நடவாத வழிபாட்டுக்கும் விதி வகுப்பதுபோல் நுணுக்கமாகப் பதிந்தனர்.

அரியலூர்ப் பகுதி அந்த இசுரவேல் மரபைத் தமிழிலேயே கேட்ட காலமும் உண்டு. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று போற்றிப் பணியாற்றிய வீரமாமுனிவர், 1726-இல் நிறைவுற்ற தம் தேம்பாவணியில் மோயீசன் (மோசே), சோசுவன் (யோசுவா) ஆகியோரின் வரலாறுகளைக் காப்பிய நடையில் அமைத்தார். அவர் பணியாற்றிய அந்நிலத்திற்கு அருகிலேயே, ஆடும் நெய்யும் குறித்த பழுவூர்க் கல்வெட்டுகள் கோயிற் சுவர்களில் இருந்தன. விளக்குகளின் உலோகம் உருகிப்போயிருக்கலாமாயினும், அவற்றுக்கு நெய் அளந்த இடையர்களின் பெயர்களை அக்கற்களில் இன்றும் படிக்கலாம்.